அப்பா பார்க்காத ஆட்டம்

போன மாதம் கொட்டகலையில் ஒரு கலியாண வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில், நம் வயதுக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உபதேசியார் மகள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழைய தோட்டம், பழைய குளிர் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். போகும்போது, "எல்லாஞ் சரிதாங்க. ஆனா நம்ம டீமு கப்பு எடுத்த வருசம் மட்டும் ஒங்கப்பா எங்களைக் கைவுட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்தார், எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேச்சு சாகவில்லை பாருங்கள். ஈரக் கையோடு நின்று பதில் சொல்லும் விஷயமில்லை அது. வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. அந்த லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், எங்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நம் தோட்டத்து ஆட்கள் உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் பொறுப்பாக மூன்று தோட்டங்கள். மூன்றிலும் சேர்த்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எங்கள் கோயில் என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. அதன் முதுகோடு ஒட்டியிருந்த இரண்டு அறை எங்கள் வீடு. அப்பாவிடம் ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு குடை, ஒரு ஜோடி கான்வாஸ் சப்பாத்து இருந்தன. சனிக்கிழமை அந்தச் சப்பாத்துக்கு அம்மா சுண்ணாம்பு பூசி வெயிலில் வைப்பார். வெயில் வராத வாரம் ஈரச் சப்பாத்தோடுதான் பிரசங்கம்.

கைப்பிடி அரிசி உங்களுக்கு நினைவிருக்கும். உலையில் போடும் முன் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கோயிலுக்குக் கொண்டுவருவார்களே, அது. எங்கள் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் அதுதான். பல வீட்டு அரிசி கலந்து கிடப்பதால் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று பல்லில் நறுக்கென்று கடிபடும். அம்மா சலித்துக்கொள்வார். அப்பா மட்டும் ஒவ்வொரு வாயையும் ருசித்துத் தின்று, போதும் என்று எழுந்துவிடுவார். அந்தக் கலியாண வீட்டுச் சோறு பூ மாதிரி ஒரே பதமாக வெந்திருந்தது. எனக்கு அது சோறு மாதிரியே படவில்லை.

இப்படி எல்லாவற்றிலும் போதும் என்று சொன்ன மனுஷனுக்குப் போதாத ஒரே விஷயம் பந்து. அப்பா ஆயுளில் பந்தை உதைத்தவரில்லை. ஆனால் தைப் பொங்கலுக்குப் பின்னால் மழை விட்டு, பாக்டரிக்குக் கீழே ஆற்றோரக் கிரவுண்டு காய்ந்ததோ இல்லையோ, அவர் வேறு ஆளாகிவிடுவார். ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். தோட்டத்தில் வேறு லீவு ஏது? அந்த மாதங்களில் அவர் பிரசங்கம் பாதியாகச் சுருங்கிவிடும் என்று ஊருக்கே தெரியும். மத்தியானம் கோட்டோடும் குடையோடும் எல்லைக்கு வெளியே பந்தோடு கூடவே ஓடுவார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், மாலை ஆராதனையில் பாட்டு எடுக்கக் குரல் இருக்காது. அம்மாதான் எடுத்துக்கொடுப்பார்.

டீமின் பந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது. அது தோல் பந்து. ஈரம் பட்டால் கல்லாகக் கனக்கும். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பரா அறைகளில் ஒழுகாத இடம் கிடையாது என்று அப்பாவே கேட்டு வாங்கி, எங்கள் அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினார். தேங்காய் எண்ணெய், புகை, தோல் மூன்றும் சேர்ந்த அந்த வாடை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. ஞாயிறு மத்தியானம் டீம் முழுக்க எங்கள் வாசலில் வந்து நிற்கும். முக்கால்வாசிப் பேர் நெற்றியில் திருநீறு இருக்கும். அப்பா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் யாருக்கும் கால் முறியக்கூடாது என்று மட்டும் ஜெபிப்பார். ஜெயிக்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேப்டன் பயபக்தியோடு குனிந்து பந்தை வாங்கிக்கொள்வார். தோட்டத்து லாரி டிரைவர்தான் கேப்டன்.

அப்பாவின் உயிர், கோல்கீப்பர் அண்ணன் மேல். பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நெடுநெடுவென்று வளர்ந்த, திருநீறு பூசுகிற ஆள். தாய் தகப்பன் இல்லை, மாமன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். சீமைக்கே திரும்பிப் போன பழைய தோட்டத்துத் துரை ஒருத்தர், அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் பச்சைச் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை ஆட்டத்துக்கு மட்டும்தான் போடுவார். மற்ற நாட்களில் பாக்டரியில் ஓர் ஆணியில் தொங்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் பந்தை இறக்கி என் தலையில் வைத்து, விழாமல் நடக்கச் சொல்வார். நான் நடப்பேன்.

கப்பு எடுத்த வருடத்துக்கு முந்தின தீபாவளிக்குப் பின்னால் அவருக்கு இருமல் பிடித்தது. தேயிலைத் தூசி என்றார்கள். சீசன் தொடங்கும்போது ஆள் பாதியாகிவிட்டார். ஒரு நாள் வேலை இடத்திலேயே இரத்தமாகத் துப்பினார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, காசநோய் வார்டில் படுக்க வைத்தார்கள். அந்த நோய்க்கு அன்றைக்கு இருந்த பயம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமன் வீட்டார் அவர் பாயை எரித்தார்கள். ஆணியில் தொங்கிய சுவெட்டரை யாரும் தொடவில்லை, எரிக்கவும் கிட்டப் போகவில்லை.

லெந்து நாட்கள் அப்போதுதான் தொடங்கின. ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒரு பிரியமான பொருளை விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் சீனியை விடுவேன். அம்மா சீனி டப்பாவை எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிடுவார். அப்பா வழக்கமாகத் தேத்தண்ணியை விடுவார். அந்த வருடம் அவர் தேத்தண்ணி குடித்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

அவர் விட்டது பந்தை. லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: ஈஸ்டர் விடியும் வரை ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதுமில்லை, பேசுவதுமில்லை, அந்தப் பிள்ளை எழுந்து வர வேண்டும் என்று பொருத்தனை. அப்பா செத்த பிறகுதான் அம்மா எனக்கு இதைச் சொன்னார். நேர்த்திக்கடன் வைக்காதீர்கள், கடவுள் என்ன கடைக்காரரா பேரம் பேச என்று பிரசங்கம் பண்ணிய மனுஷன் அவர். அம்மா அதையே திருப்பிக் கேட்டாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பெருமையாகிவிடும் என்றாராம். பெருமையைவிட வெட்கம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு டீம் வந்து வாசலில் நின்றது. அப்பா வெளியே வரவில்லை. அம்மாதான் பந்தை இறக்கிக் கொடுத்தார். ஜெபத்துக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அதற்குள் அப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குறுக்குப் பாதையில் பஸ் ரோட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகை எல்லோரும் பார்த்தார்கள். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோல்கீப்பர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டிருந்தார். அந்த வார்டுக்கு நம் தோட்டத்திலிருந்து போனவர் அவர் ஒருத்தர்தான்.

இதற்கிடையில் டவுனிலிருந்து குருவானவர் நற்கருணை கொடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம் அவருக்கு எப்போதுமே பிடிக்காது. உபதேசியார் இந்த வருடம் கிரவுண்டுப் பக்கம் போவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் எல்லோர் முன்னாலும் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். ஓய்வுநாளைக் காக்கத் தெரிந்துகொண்டார் என்றார். அப்பா காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பாராட்டு எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

மறுநாள் கேப்டன் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஐயா, எங்களால ஒங்க வேலைக்கு எதுவும் வந்துரும்னு பயப்படுறீங்களா? அப்படின்னா சொல்லிருங்க. நாங்க ஒதுங்கிக்கிறோம்."

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"பின்ன என்னங்க? கோலுக்கு ஆள் இல்லாம தவிக்கிறோம். இந்த வருசந்தானா நீங்க மொகத்தத் திருப்பிக்கணும்?"

அப்பா ஈஸ்டர் முடியட்டும் என்று மட்டும் சொன்னார். கேப்டன் நேரே அடுப்படிக்கு வந்து, அம்மாவிடம் உத்தரவு கேட்டு, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுப்புக்கு மேலே வெறும் ஆணி நின்றது.

ஒரு ஞாயிறு அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்த வார்டு எல்லாவற்றுக்கும் பின்னால், தனியாக இருந்தது. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு வெளியே, பீனோல் வாடையில் நின்றேன். கோல்கீப்பர் அண்ணனை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கைகள் மட்டும்தான் பழையபடி பெரிதாக இருந்தன. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "யாருங்கய்யா இப்ப கோல்ல நிக்கிறது?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா. மொதல்ல ஒடம்பப் பாரு."

"தோத்துட்டமுங்களா?"

"நான் போறதில்லப்பா. எனக்குத் தெரியாது."

அவர் அப்பாவையே பார்த்தார். நம்பவில்லை என்று எனக்கே தெரிந்தது. உபதேசியார் ஆட்டத்துக்குப் போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பிறகு மெதுவாக, "என் சுவெட்டர எரிச்சிருப்பாங்க, இல்லீங்களா" என்றார். தெரியாது என்றே அப்பா அதற்கும் சொன்னார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. கோல்கீப்பர் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா அந்த முதுகைப் பார்த்தபடி ஜெபம் பண்ணிவிட்டு வந்தார்.

பைனல் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று வந்தது, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தோடு. நம் மலையில் தென்னை ஏது? கீழ்நாட்டுக்குப் போகும் லாரியில் வருடா வருடம் கேப்டன்தான் எங்களுக்கு ஓலை கொண்டுவந்து போடுவார், சாமிக்கு என்று சொல்லி. அந்த வருடம் ஓலை வரவில்லை. அப்பா விடியற்காலையில் ஓடைக்கரைக்குப் போய்ப் பெரணி இலைகளை வெட்டிக்கொண்டு வந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிக் கோயிலைச் சுற்றினோம். மத்தியானம் அப்பா பஸ் ஏறினார். அம்மா என்னிடம், நீ போய் ஆட்டத்தைப் பார், நல்லாப் பார்த்துக்கொண்டு வா என்றார்.

நாம் ஜெயித்தோம். அது உங்களுக்குத் தெரியும். நான் மூச்சிரைக்க மேட்டுக்கு ஓடி வந்தபோது அப்பா பஸ்ஸை விட்டிறங்கி ஏறி வந்துகொண்டிருந்தார். கீழே தப்பு மேளச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியாதவரா அவர்? பாதையில் அப்படியே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது, பிறகு அவராகவே அதை அடக்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கும் முன் கையைக் காட்டி, "ஒண்ணுஞ் சொல்லாத, பாப்பா. ஈஸ்டருக்குச் சொல்லு" என்றார். கப்பைத் தூக்கிக்கொண்டு எல்லா லயத்துக்கும் போன ஊர்வலம் எங்கள் வீட்டுப் பாதை வளையும் முடக்கு வரைக்கும் வந்து, மேலே ஏறாமல் திரும்பிப் போனது.

அன்று ஆஸ்பத்திரியில் கோல்கீப்பர் அண்ணன், இன்றைக்குத்தானே பைனல் என்று கேட்டாராம். ஈஸ்டருக்கு வந்து ஒன்று விடாமல் சொல்கிறேன் என்று அப்பா அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் போய்விட்டார். கேப்டனே லாரியில் போய் உடலைக் கொண்டுவந்தார். மறுநாள் அடக்கம். டீம் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. அப்பா சற்று எட்டி, குடையை மடக்கிக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கேப்டன் அவரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பா அடுப்படியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. வெகுநேரம் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"நான் என்னோடதக் குடுத்தேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவனோடதக் குடுத்துட்டேன்."

என் வயதில் எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது ஆட்டத்துச் செய்தி. அதைக் கொண்டுபோகக் கூடிய ஒரே ஆள், அவனுக்காகவே காதைப் பொத்திக்கொண்டார். அவர் செய்தது தப்புத்தான். மகள் என்று நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் கைவிட்டார் என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியாது.

அடுத்த வருடமே அப்பாவை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. கேப்டனும் இன்னும் பாதிப் பேரும் பின்னாளில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். இதில் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

ஈஸ்டர் அன்று இருட்டுப் பிரியும் நேரத்தில் மெழுகுதிரி எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போவோம் அல்லவா? அந்த வருடமும் போனோம். நம் மயானத்தில் வேதக்காரக் குழிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் குழி ஒரு பக்கம், நடுவே தண்ணீர் ஓடும் ஒரு கான். அப்பா எங்கள் பக்கத்தில் ஜெபத்தை முடித்தார். உயிர்த்தெழுந்தார் என்று எல்லோரும் சொல்லி ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். பிறகு அவர் தன் மெழுகுதிரியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கானைத் தாண்டினார். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

புது மண் பனியில் நனைந்திருந்தது. மேலே செவ்வந்தி வாடிக் கிடந்தது. அப்பா வெள்ளைக் கோட்டோடு அந்த ஈரத்தில் குந்தி, திரியை மண்ணில் ஊன்றினார்.

"ஈஸ்டருக்கு வந்து ஒண்ணு விடாமச் சொல்றேன்னு இவன்கிட்ட சொல்லியிருந்தேன். நான் பாக்கல. நீதான பாத்த. சொல்லும்மா."

எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் அவங்கதான் கோல் போட்டாங்க என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். கேப்டன் ஒன்றைத் திருப்பியதைச் சொன்னேன். தோட்டத்து டோபி மகன் அந்த அண்ணனுக்குப் பதிலாகக் கோலில் நின்றதை, முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்தைப் படுத்தவாக்கில் பிடித்ததை, பிடித்துவிட்டு எழுந்திருக்காமல் சுவெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன்.

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். எந்தச் சுவெட்டர் என்று கேட்டார்.

"பச்சை சுவெட்டருதாம்ப்பா. அந்த அண்ணனோடது. எல்லாரும் தொடாதன்னு சொன்னாங்களாம். அவரே எடுத்துட்டுப் போயி ஓடையில தொவச்சு, தேயிலைச் செடி மேல காயப்போட்டு, போட்டுக்கிட்டு வந்தாரு."

அப்பா மண் மேட்டின் பக்கம் திரும்பினார். கட்டிப்போன குரலில், ஆட்டத்து அன்று மாலை வரும் அதே குரலில், "கேட்டியாப்பா, எரிக்கலயாம்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே சொல்லு என்றார்.

நான் கடைசி விசில் வரைக்கும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அப்பா எழுந்தார்.